அடக்கம் இல்லை என்று எழுதிய காணி

ஓய்வு பெற்றவன் செய்யக்கூடாத வேலை ஒன்று உண்டென்றால், அது குழுவொன்றுக்குச் செயலாளராவதுதான். கடற்கரையில், இறைநேசப் பெரியார் ஒருவர் அடங்கியிருக்கும் பழைய ஸியாரத்தின் பக்கத்தில் பழம்பொருட்களைக் காட்சிக்கு வைக்க நூதனசாலை கட்டுவதற்கு ஊரில் ஒரு குழு அமைத்தார்கள். அரசாங்கக் காணிப் பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

தொல்பொருள்காரர்கள் ஸியாரத்துச் சுவரிலிருந்து இவ்வளவு இடம் விடு என்றார்கள். கரையோரப் பாதுகாப்புக்காரர்கள் கடலிலிருந்து இவ்வளவு விடு என்றார்கள். கடல் யாரையும் கேட்காமல் வருடா வருடம் உள்ளே வந்துகொண்டிருந்தது. மிஞ்சியது ஒரு கீலம் காணி. கொழும்பிலிருந்து வந்த கட்டடக் கலைஞரான இளம் பெண் மண்டபம், வாசல், மலசலகூடம் எல்லாவற்றையும் அதற்குள் மடக்கி வைத்தார். கெட்டிக்காரி.

படிவத்தில் ஒரு கேள்வி: காணியில் அடக்கம் உண்டா? போய் நின்று பார்த்தேன். அடக்கிய இடத்தில் நடும் மீசான் கட்டை ஒன்றும் கண்ணில் படவில்லை. ‘இல்லை’ என்று எழுதி ஒப்பமிட்டேன்.

வரைபடத்தை ஸியாரத்து வாசலில் ஒட்ட வேண்டும் என்பதும் நடைமுறை. யாரும் பார்ப்பதில்லை. மூன்றாம் நாள், அந்தக் காணிக்குப் பின்வீட்டில் இருக்கும் மூத்த பெண் என்னைத் தேடி வந்தார்.

“தம்பி, கக்கூஸ் குழி எங்க வருது?”

காட்டினேன்.

“அதுக்குள்ளதான் எண்ட மூத்தவன் கிடக்கான். நாப்பது நாள் புள்ள.”

“மீசான் ஒண்டும் இல்லையே ராத்தா.”

“கட்ட நட்டதான். உப்புக்காத்து திண்டுட்டு. கட்ட போனா புள்ளயும் போயிருமா? படிச்ச ஆக்கள் கட்டயத்தான் பாப்பீங்க போல.”

முன்பு ஸியாரத்தைச் சுற்றித்தான் ஊர் மய்யித்துகளை அடக்கினார்கள். இங்கே பிறந்த எனக்கு அது தெரியும். தெரிந்தும் கட்டையைத்தான் தேடியிருக்கிறேன்.

அவருடன் போனேன். ஸியாரத்துச் சுவரில் முதுகை வைத்து, எட்டு வைத்து நடந்து, ஓரிடத்தில் நின்றார். நான் தடி ஒன்றை ஊன்றினேன். அதைப் பிடுங்கி ஒரு முழம் தள்ளி நட்டார். “அது கால்மாடு.”

குழியை நகர்த்தலாமா என்று கொழும்புக்குப் பேசி அந்தக் கலைஞரிடம் கேட்டேன்.

“எங்க சேர் நகர்த்துறது? இந்தப் பக்கம் ஸியாரம், அந்தப் பக்கம் கடல்.”

குழுத் தலைவர் அதைவிட நேராகச் சொன்னார். “காக்கா, கட்டையுமில்ல, கடுதாசியுமில்ல. கதைக்காம இருங்க. உங்கட ஒப்பத்த நீங்களே பொய்யெண்டு எழுதப் போறீங்களா?”

“ஓம்” என்றேன்.

மற்றவர்களின் பிழைகளைத் திருத்தி வாழ்நாள் முழுக்கப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். என் பிழைக்கு, ‘அடக்கம் உண்டு’ என்று திருத்தி எழுத, மூன்று வரி போதுமாயிருந்தது. கிடைத்திருந்த அனுமதிகள் எல்லாம் ரத்தாகின. குழு அதன்பிறகு கூடவில்லை. செய்தியைச் சொல்ல அந்தப் பெண்ணிடம் போனேன்.

“பாவம், அந்தக் கொழும்புப் புள்ள படத்த வடிவாத்தான் கீறியிருந்தா” என்றார்.

வேறு காணி பார்க்கலாம் என்று தலைவர் இப்போது ஆள் அனுப்பியிருக்கிறார். முதலில் அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அப்படியொரு நடைமுறை இல்லையாம்.