மெழுகு அடைத்த இரண்டு ஓடுகள்

அந்த மெழுகு என் மகளின் வயிற்றுக்குள் போயிற்றா, இல்லையா? அவளுக்கு நான்கு வயதாகிவிட்டது. இன்னும் எனக்குத் தெரியவில்லை.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கரிசல் ஊர் எங்களுடையது. பிள்ளைக்குப் பால் புகட்டும் சங்கைத் தாய்மாமன்தான் வாங்கி வர வேண்டும். தூத்துக்குடியில் வேலை பார்த்த என் தம்பி, சங்குக்குப் பதிலாகக் காது வடிவத்தில் இரண்டு கடல் நத்தை ஓடுகளைக் கொண்டுவந்தான். உள்ளே மயில் கழுத்து நிறம். ஓரத்தில் வரிசையாக ஓட்டைகள். பால் ஒழுகுமே என்றேன்.

“காதுன்னா ஓட்டை இருக்கத்தானக்கா செய்யும்.”

கல்லூரியில் விலங்கியல் படித்தவள் நான். இரண்டும் ஒரே குடும்பம், இனம்தான் வேறு. ஒன்று நீளம், வழவழப்பு. ஓட்டைகள் சிறியவை, தட்டையானவை. மற்றது அகலம், சொரசொரப்பு. ஓட்டைகளின் விளிம்பு மேடாகத் தூக்கி நின்றது. வளர வளரப் பழைய ஓட்டைகளை நத்தையே அடைத்துக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன். மிச்சத்தை நாங்கள் அடைக்க வேண்டியதாயிற்று.

வேறு சங்கு வாங்கலாம் என்றேன். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் மதினி, என் கணவரின் அக்கா, ஒத்துக்கொள்ளவில்லை.

“தாய்மாமன் கொண்டாந்ததை ஒதுக்கக் கூடாது ஏட்டி. ஓட்டைய அடைச்சாப் போச்சு.”

ஆபீசில் தீக்குச்சி முக்கும் மெழுகில் கொஞ்சம் கொண்டுவந்து, உருக்கி இரண்டிலும் அடைத்தார். பிள்ளை பெற்ற அசதியில் நானும் சரியென்று விட்டுவிட்டேன்.

வழவழப்பான ஓட்டில் மெழுகு நன்றாகப் பிடித்துக்கொண்டது. மற்றதில் பொத்தான் வைத்தாற்போல மேலே உட்கார்ந்திருந்தது. ஒரு சாயங்காலம் அதில் புகட்டி முடித்துத் துடைக்கும்போது, கடைசி ஓட்டையில் மெழுகு இல்லாமல் வெளிச்சம் தெரிந்தது. பாய், சேலை, பிள்ளையின் வாய் எல்லாம் தேடினேன். முதலிலேயே விழுந்திருந்தால் மடியில் பால் ஒழுகியிருக்கும். ஆனால் அந்த நாட்களில் என் மடி எப்போது காய்ந்திருந்தது?

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, போயிருந்தாலும் தானாக வெளியேறிவிடும் என்றார். பிள்ளையின் துணி அலசும்போதெல்லாம் பார்த்தேன். கண்ணில் படவில்லை. இப்போதும் அவள் வயிறு வலிக்கிறது என்றால் டாக்டர் செய்தது போல நானும் அமுக்கிப் பார்க்கிறேன். பால்வாடிக்குப் போகாமலிருக்க அப்படிச் சொல்லுகிறாள் என்று என் கணவர் சிரிக்கிறார். அப்படியும் இருக்கலாம்.

எனக்கு மறுபடியும் மாதம் நெருங்குகிறது. மதினி அந்த வழவழப்பான ஓட்டைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்திருக்கிறார்.

“மூத்தவ குடிச்சதுதான. இதுல ஒண்ணும் கழலலயே.”

அது உண்மைதான். மதினியும் தம்பியும் மனம் நோகாமல் இதை எப்படி வேண்டாமென்பது? அல்லது நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா? பிள்ளை வளர்த்த தாய்மார்கள் யாராவது எழுதுங்கள்.