வெள்ளையன் டிரைவரின் முழங்கால்

பட்டாளத்திலிருந்து வந்த வெள்ளையனைச் சேவூரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டிரைவர் என்றால் அவர்தான். லடாக் மலைப்பாதைகளில் அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிய ராணுவ லாரிகளைப் பாதி ஆயுசு ஓட்டியவர். இரண்டாயிரத்து ஒன்றில் இடது முழங்கால் தேய்ந்துவிட்டதென்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏன் இத்தனை சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று கேட்டவர்களிடம், ஓட்டினது போதுமென்று தானே வந்துவிட்டதாகச் சொல்லிவைத்தார். உண்மை தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி மயிலாத்தாள்.

வேலை பார்த்த காலத்துக்கான பென்ஷன் வந்துகொண்டிருந்தது. காலுக்காகத் தனியாகக் கேட்டிருந்த ஊன பென்ஷன்தான் கிடைக்கவில்லை. மூட்டுத் தேய்மானம் பட்டாள வேலையால் வந்ததும் அல்ல, அந்த வேலையால் கூடியதும் அல்ல, குறையும் போதிய அளவுக்கு இல்லை என்று பதில் வந்திருந்தது. வெள்ளையன் அதை மடித்து அலமாரிக்குள் தள்ளிவிட்டு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பஸ் ஓட்டப் போய்விட்டார். பல்லடம் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்களைக் காலையில் ஏற்றிவந்து சாயங்காலம் கொண்டுபோய் விடும் வேலை.

கம்பெனியில் முழங்காலைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் மூட்டுக்குள் மணலை வைத்து அரைப்பதுபோல இருக்கும். பஸ்ஸில் வந்த பெண்கள் எல்லோரும் உள்ளே போகும்வரை எதையோ தேடுகிறவர்போல இருக்கையிலேயே இருப்பார். பிறகு கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது காலை முதலில் வைத்து மெல்ல இறங்குவார்.

மயிலாத்தாள் வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். மறுத்துவிட்டாலும் மேல்முறையீடு செய்யலாம் என்று அங்கேதான் அவள் காதில் விழுந்தது. கூட வேலை பார்த்த ஒருத்தியின் அண்ணனுக்கு அப்படித்தான் கிடைத்ததாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே புருஷனைக் கிளப்பி, அவிநாசியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த சந்தனத்திடம் கூட்டிப் போனாள். சந்தனம் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். ராணுவ ஆபீஸில் கிளார்க்காக இருந்து அவில்தாராக ஓய்வு பெற்றவர். மகள் பிழைக்க வந்த ஊர் என்று இங்கே வந்து தங்கிவிட்டவர்.

சந்தனம் காகிதங்களைப் புரட்டிவிட்டு, பட்டாளத்தை விட்டு வரும்போது குறை எவ்வளவு என்று பார்த்த மருத்துவக் குழுவின் முன்னால் என்ன நடந்தது என்று கேட்டார். வெள்ளையன் ஒளிக்காமல் சொன்னார். விறைப்பாக நின்று சல்யூட் அடித்தாராம். உட்கார்ந்து எழச் சொன்னார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தாராம். வலிக்கிறதா என்று கேட்டதற்கு, இல்லை சாப் என்றாராம்.

சந்தனம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் சிரித்தார். “டாக்டர் எழுதினதுல தப்பே இல்ல, அண்ணாச்சி. நீங்க சொன்னதத்தான அவரு எழுதிருக்காரு” என்றார்.

மயிலாத்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷன் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

மனுவில் எழுத வேண்டியது ஏராளமாக இருந்தது. பட்டாளத்தில் சேரும்போது கால் நன்றாக இருந்தது. மலைமேல் ஒரு குளிர்காலத்தில் டயர் மாற்றும்போது சக்கரம் நழுவி முழங்கால்மேல் விழுந்தது, கொஞ்ச நாள் ராணுவ ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு மறுபடி லாரி ஏறினார். எல்லாவற்றையும் கேட்டு எழுதிய சந்தனம், ஓர் இடத்தில் பேனாவை நிறுத்தினார். “இப்ப என்ன வேல பாக்கீய?” பஸ் ஓட்டுவதாகச் சொன்னதும் அவர் முகம் மாறியது. கால் முடியாதென்று இங்கே எழுதிக்கொடுத்துவிட்டு, அங்கே அதே காலால் பஸ் ஓட்டுவது எப்படி என்று கேட்டார். மனுவை அனுப்பிவைப்பதாகவும், பதில் வருவதற்குள் யோசித்து ஒரு முடிவுக்கு வரும்படியும் சொன்னார்.

வெள்ளையன் முடிவுக்கு வரவில்லை. ஸ்டியரிங்கை விட்டால் தான் யார் என்றே அவருக்குத் தெரியவில்லை. மயிலாத்தாள் கேட்டபோதெல்லாம், பார்க்கலாம் என்று பேச்சை மாற்றினார்.

மழைக்காலத்தில் ஒரு காலை, பல்லடம் நால்ரோட்டில் பஸ் நிறையப் பெண்களோடு திரும்பிக்கொண்டிருந்தார். கிளட்சை மிதிக்க வேண்டிய இடத்தில் முழங்கால் பூட்டிக்கொண்டது. மனசு சொன்னது, கால் கேட்கவில்லை. வண்டி குலுங்கிச் சாலை நடுவிலேயே நின்றது. பின்னால் வந்த தனியார் பஸ் பிரேக் போட்டு, ஒரு முழம் இடைவெளியில் கிறீச்சிட்டு நின்றது. பெண்கள் முன்னால் சரிந்தார்கள், யாருடைய டிபன் பாக்ஸோ உருண்டு சோறு சிதறியது. அடி யாருக்கும் இல்லை. முன் சீட்டில் இருந்த விஜயராணி என்ற பெண் மட்டும், வண்டி மறுபடி கிளம்பும்வரை கைப்பிடியை விடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நிறைமாதம் ஆக இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி.

கம்பெனிக்குள் பஸ்ஸை விட்டதும், வெள்ளையன் யாரும் கேட்பதற்கு முன்பே மேனேஜர் சசிகுமாரின் அறைக்குப் போனார். சாவியை மேசைமேல் வைத்தார்.

“என்ற கால் சரியில்லீங்க. வேலைக்குச் சேரறப்பவே சொல்லியிருக்கோணும், மறைச்சுட்டனுங்க. இனி நான் ஓட்டறது நல்லதில்லீங்க.”

சசிகுமார் கோபப்படவில்லை, தடுக்கவும் இல்லை. ஆள் போட்டுக்கொள்வதாகவும், வீட்டில் போய் ஓய்வெடுக்கும்படியும் சொன்னார். அன்று மயிலாத்தாளிடம் இதைச் சொல்ல வெள்ளையன் தயங்கினார். அவளோ கேட்டு முடித்ததும், அவர் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தைலம் தேய்த்தாள். “இத்தன நாளா நான் பயந்துட்டே இருந்தனுங்க. இன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்குவேன்” என்றாள்.

அடுத்த மாதங்கள் இழுபறிதான். மயிலாத்தாள் ஓவர்டைம் பார்த்தாள். வெள்ளையன் சோறாக்கப் பழகினார். கொள்ளுப் பருப்பை முதல்முறை கடைந்தபோது உப்புப் போட மறந்துவிட்டார், அவள் உப்பைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

மறுபரிசோதனைக்கு வரச் சொல்லித் தகவல் வந்தது. ராணுவ ஆஸ்பத்திரி நீலகிரி மலைமேல் இருந்தது. இருவரும் பஸ்ஸில் போனார்கள். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் கியர் மாற்றும்போது வெள்ளையனின் இடது கால் தானாக அழுந்தியது. மயிலாத்தாள் அந்தத் தொடையின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

குழுவில் மூன்று டாக்டர்கள். மூத்தவர் ஒரு கர்னல், இந்தியில் பேசினார். மயிலாத்தாளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். குந்தி உட்கார்ந்து எழும்படி கர்னல் சொன்னார். வெள்ளையன் குதிகாலைச் சேர்த்து முதுகை நிமிர்த்தி, பாதி மடங்கினார். மூட்டு நொறுநொறுத்தது. பல்லைக் கடித்தால் இன்னமும் கீழே போய்விடலாம், அந்த வித்தை அவருக்குத் தெரியும். அப்படியே நின்றார். பிறகு நிமிர்ந்தார்.

“நஹீ ஹோதா, சாப்” என்றார். முடியவில்லை ஐயா. பட்டாளத்தில் இருந்தவரை அவர் சொல்லாத பேச்சு அது.

கர்னல் வியப்படையவில்லை. எப்போதிருந்து என்று மட்டும் கேட்டார். சக்கரம் விழுந்த குளிர்காலத்திலிருந்து தொடங்கி, எந்தப் படியில் ஏற முடியாது, எந்த நேரத்தில் வலி அதிகம் என்பதுவரை வெள்ளையன் சொன்னார். சொல்லச் சொல்லத் தோளிலிருந்து ஏதோ இறங்குவதுபோல இருந்தது. என்ன வேலை செய்கிறாய் என்ற கேள்விக்குப் பல்லடம் நால்ரோட்டில் நடந்ததையும் சொன்னார். கர்னல் அதையும் எழுதிக்கொண்டு, முழங்காலை விரலால் அழுத்திப் பார்த்தார். வலித்தது. வெள்ளையன் முகத்தைச் சுளித்தார்.

முடிவு வர நாளாயிற்று. அதற்குள் சசிகுமாரே ஆள் அனுப்பினார். கம்பெனியில் வண்டிகள் கூடிவிட்டன, ஷெட்டில் உட்கார்ந்து வண்டிகளைப் பார்த்து அனுப்ப விவரமான ஆள் வேண்டும் என்றார். வெள்ளையன் ஒப்புக்கொண்டார். முதல் நாளே, தனக்கு நாற்காலி கொஞ்சம் உயரமாக வேண்டும், தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழ முடியாது என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டு வாங்கினார். பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பிய விஜயராணி ஷெட்டு வழியாகப் போகும்போதெல்லாம், “கால் எப்பிடி இருக்குதுங்கண்ணா?” என்று விசாரித்தாள்.

அந்த வருஷக் கடைசியில் உத்தரவு வந்தது. கடுங்குளிரில் செய்த பணியால் தேய்மானம் கூடியதை ஏற்றுக்கொண்டிருந்தார்கள், ஊன பென்ஷனும் உண்டு. ஆனால் இரண்டு வருஷத்துக்கு மட்டும், பிறகு மறுபடியும் குழு பார்க்கும். கடந்துபோன வருஷங்களைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அதற்குத் தனியாக இன்னொரு மனு போட வேண்டும் என்று சந்தனம் சொல்லி, உடனே வெள்ளைத்தாளை எடுத்துவிட்டார்.

கடையிலிருந்து வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, வெள்ளையனுக்குக் கொஞ்சம் சோர்வாக இருந்தது. மறுபடியும் மலை ஏறிப்போய் அவர்கள் முன்னால் நிற்க வேண்டுமே என்றார்.

“நிக்கிறதுக்கு என்னங்க? நானும் வாரனுங்க” என்றாள் மயிலாத்தாள். “இந்தத் தடவ ரெண்டு நாள் முன்னாலயே போயி ஊட்டியப் பாத்துட்டு வரலாம். அன்னைக்கு வெளிய உக்காந்து செவுத்தத்தான பாத்துட்டு வந்தேன்.”

சேவூர் பஸ் வந்தது. படி உயரமாக இருந்தது. வெள்ளையன் கையை நீட்டினார், அவள் மேலேயிருந்து பிடித்து ஏற்றினாள்.