சேகரின் அறையில் பாதியில் நின்ற தாலாட்டு

ஹட்டன் சேகர் இறந்துவிட்டார். இன்று காலை, வட்டவளையில் மகள் வீட்டில். நெஞ்சுவலி என்றார்கள்... வாகனம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. ஹட்டன் டவுனில் ஒரு சலூனுக்கு மேல்மாடியில் சின்ன ரெக்கோர்டிங் அறை வைத்திருந்தார். கோயில் பாட்டு, கல்யாண வீடியோவுக்குக் குரல், தேர்தல் அறிவிப்பு... எல்லாம் அங்கேதான்.

ஒரே அறை. மைக்கும் கொம்பியூட்டரும் பக்கத்தில் பக்கத்தில். சுவர் முழுக்க முட்டை அட்டை. தகரக் கூரை என்பதால் மழை பெய்தால் வேலை நடக்காது. ஹட்டன் மழையைத் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை.

2000-களின் தொடக்கம். செல்வராணியை அங்கே கூட்டிப்போனது நான்தான். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி எழுதப் போனபோது பழக்கம். கூட்டிப்போனதற்கு மூன்றாம் நாள் அவருக்குச் சவூதிக்கு ஃப்ளைட். கையில் எட்டு மாதப் பெண் குழந்தை.

"நான் பாடாட்டி இவ தூங்க மாட்டா சார். பாட்ட மட்டுமாச்சும் வச்சிட்டுப் போக முடியுமா?" என்று கேட்டார்.

பேட்டி எடுக்கிற டேப் ரெக்கோர்டர் என் பையில் இருந்தது. அதிலேயே எடுத்துவிடலாமே என்றேன்.

சேகர் சிரித்தார். "நிருபர் சார், ஒங்க கேசட்டு இந்த ஈரத்துக்கு ஆறு மாசத்துல பூஞ்சணம் பூத்துரும். புள்ள ரெண்டு வருசம் கேக்கணும். சீடியில அடிச்சிக் குடுத்துருவோம்."

எனக்கும் சரியென்றுதான் பட்டது. ரெக்கோர்டரை வெளியே எடுக்கவில்லை.

அன்று மழை இல்லை. பத்து மணிக்குத் தொடங்கினோம். கணவர் முருகையா குழந்தையோடு கீழே சலூனில் உட்கார்ந்திருந்தார்.

பாட்டு ஐந்து நிமிடம் வரும். மூன்றாவது நிமிடத்தில் ஹெட்ஃபோனில் படபடவென்று சத்தம். திரையில் ஓவர்லோட் என்று ஒரு பெட்டி வந்தது. ரெக்கோர்டிங் நின்றது.

கொம்பியூட்டரின் சுமையைக் குறைக்க சேகர் அன்டி வைரஸை நிறுத்தினார். பஃபர் அளவைக் கூட்டினார். எக்கோவை எடுத்துவிட்டார். திறந்திருந்ததையெல்லாம் மூடினார். மறுபடி முதலிலிருந்து.

இந்த முறை இரண்டரை நிமிடம்.

"விட்ட எடத்துல இருந்து பாடுங்க தங்கச்சி. நான் ஒட்டிக்கிறேன்."

"நடுவுல இருந்து வரமாட்டேங்குதுண்ணே. மொதல்ல இருந்து பாடினாத்தான் வருது."

முயன்று பார்த்தார். நிஜமாகவே வரவில்லை. உதடு அசையும், வார்த்தை வராது.

குழந்தையின் அழுகைக்கு மேலாகக் கீழேயிருந்து முருகையா கத்தினார்: "அடியே, பொட்டிக்குப் பாடினது போதும்! எறங்கி வந்து இவளுக்குப் பாடு, சலூனே காதப் பொத்திக்கிட்டு ஒக்காந்திருக்கு!" செல்வராணி சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

ரீஸ்டார்ட் கொடுத்தால் கொஞ்சம் கூடுதலாக ஓடும். பிறகு முன்பைவிடச் சீக்கிரம் நிற்கும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நிமிடம்கூடத் தாண்டவில்லை. செல்வராணிக்குத் தொண்டை கட்டிவிட்டது... மஸ்கெலியா பஸ்ஸுக்கும் நேரமானது. முதல் தடவை எடுத்த மூன்று நிமிடத்தை மட்டும் சீடியில் போட்டுக் கொடுத்தார் சேகர்.

நான்காம் நாள் சேகர் எனக்கு ஃபோன் பண்ணினார்.

"சார்... கம்பளி சார்."

கொம்பியூட்டர் ஃபேன் சத்தம் மைக்கில் விழக் கூடாது என்று, தோட்டத் தொழிலாளருக்குக் கொடுக்கும் கம்பளி ஒன்றை அதற்குப் போர்த்தி வைத்திருப்பார். பழைய மெசின் அதைத் தாங்கிக்கொண்டது. புதிதாக வாங்கிய வேகமான மெசினுக்குக் காற்று போதவில்லை. சூடு ஏறினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் எப்படிப் பதிவு ஓடும்?

"இந்தக் குளிருல மெசினுக்குச் சூடு புடிக்கும்னு எவன் சார் நெனப்பான்? கம்பளிய எடுத்தேன், ஒரு மணி நேரமா நிக்காம ஓடுது. தங்கச்சிய நாளைக்குக் கூட்டிட்டு வர்றீங்களா?"

முந்தின நாள்தான் செல்வராணி விமானம் ஏறியிருந்தார். சொன்னேன். சேகர் ஃபோனை வைத்துவிட்டார்.

அந்தக் கம்பளியை நானும் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு தடவை அதன்மேல் கையை வைத்துக் குளிர் காய்ந்தேன்.

இரண்டு மாதத்தில் முருகையா சீடியைச் சேகரிடமே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாராம். "பாட்டு போட்டா கண்ண மூடிக்கிறா. நின்ன ஒடனே திடுக்குன்னு முழிச்சி வீல்னு கத்துறா. திருப்பித் திருப்பிப் போட்டும் பாத்தாச்சு... வேணாம்ணே."

செல்வராணி திரும்பி வர ஐந்து வருடமானது. பாட்டை முழுதாக எடுக்க சேகரே ஆள் அனுப்பி வரவழைத்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார். மகள் ஸ்கூல் யூனிஃபோர்மோடு வந்திருந்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்காமல் கதவோரம் நின்றாள்.

மெசின் நிற்கவில்லை. பாட்டின் மூன்றாவது அடியில் செல்வராணி நின்றார்.

முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி அதே இடம்.

"அதுக்கு மேல வரலண்ணே... மறந்துபோச்சு."

"அவசரமில்ல தங்கச்சி. யோசிச்சிப் பாடுங்க. இப்ப எவ்வளவு நேரம்னாலும் ஓடும்."

செல்வராணி மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவோரத்திலிருந்து அந்தப் பிள்ளை கேட்டது: "முடிஞ்சிருச்சா? போவமா?"

அம்மா என்று கூப்பிடவில்லை.

அவர்கள் படி இறங்கிப் போன பிறகும் சேகர் பதிவை நிறுத்தவில்லை. நான்தான் எட்டி நிறுத்தினேன்.

நாளை பின்னேரம் வட்டவளையில் அடக்கம். காலை ரயிலில் வருகிறேன், சேகர்.