மெடலின் விளிம்பில் இருந்த பெயர்

எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் ஒரு வெள்ளி மெடல் இருக்கிறது. வெள்ளைக்காரன் சண்டைக்குக் கப்பலேறிப் போய் அங்கேயே செத்துப்போன கொள்ளுத்தாத்தாவுக்காக வந்தது. அமாவாசை தவறாமல் என் அத்தை அதைப் புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் அப்பி, குங்குமம் வைத்துப் படைப்பாள். அதில் இருப்பது அவர் முகம் என்று அவளுக்கு நம்பிக்கை. அது இங்கிலாந்து ராஜாவின் தலை என்று பள்ளிக்கூடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லத்தான் வாய் வரவில்லை. தேய்த்துத் தேய்த்து ராஜாவின் தாடியெல்லாம் அழிந்து, இப்போது சப்பை மூக்கும் மேட்டு நெற்றியுமாய் எங்கள் வீட்டு ஆளாகவே ஆகிவிட்டார். விளக்கு வைக்கிற நேரத்தில் நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

கொள்ளுத்தாத்தாவின் பெயர் யாருக்கும் தெரியாது. புருஷன் பெயரைக் கட்டினவள் வாயால் சொல்லவில்லை. பிள்ளையோ அப்போது கைக்குழந்தை. எல்லோருக்கும் அவர் பட்டாளத்தார்தான்.

என் தம்பி திண்டிவனத்தில் டாக்ஸி ஓட்டுகிறான். வீட்டில் அவன் தம்பி, ஸ்டாண்டில் மொட்டை. லைசென்ஸில் மட்டும் வேறொரு பழங்காலத்துப் பெயர் இருக்கும். அவன் பிறந்தபோது அத்தைக்குச் சாமி வந்து, அவள் வாயிலிருந்து விழுந்த பெயர் அது. வம்சத்தில் யாருக்கும் இல்லாத பெயராக இருக்கிறதே என்று அப்பா முணுமுணுத்தாராம்.

வானூர் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் அவன் வண்டியில் ஏறினார். பழைய மெடல் சேகரிக்கிறவர். எங்கள் வீட்டு மெடலைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதாகச் சொல்ல, இவன் தருவதாகத் தலையாட்டிவிட்டு வந்தான். ராஜா மூஞ்சிக்கு மஞ்சள் பூசுவது அவனுக்கு வெட்கமாக இருந்ததாம். அத்தை சோற்றைத் தொடவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஊர்க் கிணற்றில் எங்களை ஒரு வாளி தண்ணீர் சேந்த விடாத காலத்தில் சண்டைக்கு மட்டும் ஆள் வேண்டியிருந்ததே! உடம்பைத்தான் அங்கேயே போட்டுவிட்டு வந்தார்கள், இந்தத் துண்டு வெள்ளியும் போக வேண்டுமா? கத்தித் தீர்த்தேன். அவன் கேட்பதாக இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல மத்தியான வெயிலில், அந்த மனிதர் வந்தார். செருப்பை வாசலில் விட்டு மரியாதையாகத்தான் உட்கார்ந்தார். தம்பி வெளியில் முதுகைக் காட்டிக்கொண்டு கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மெடலின் விளிம்பை அவர் ஈரத்துணியால் தேய்த்தார். இறுகிக் கிடந்த மஞ்சள் உரிந்து, இங்கிலீஷ் எழுத்துகள் தெரிந்தன. லென்ஸை வைத்து அந்தப் பெயரை மெதுவாக, சத்தமாகப் படித்தார்.

"இன்னா சார், கூப்ட்டீங்களா?" என்று தம்பி உள்ளே வந்தான்.

அவர் அவனை 'டிரைவர்' என்றுதான் கூப்பிடுவார். அவனுடைய லைசென்ஸ் பெயர் அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு வியர்த்தது. அவர் ஒன்றும் புரியாமல் மெடலை நீட்டினார். நானும் தம்பியும் எழுத்துக்கூட்டிப் படித்தோம். அதே பெயர்.

அத்தை மட்டும் பதறவில்லை.

"சார் கூப்டல. பாட்டன் கூப்ட்டாரு. நீயும் ஏன்னு கேட்டுட்ட," என்றாள்.

தம்பி மெடலை வாங்கிக் கைக்குள் மூடிக்கொண்டான். "இது வராது சார். எங்க ஊட்லயே இருக்கட்டும்." அவர் லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

யாராவது முன்பு அத்தைக்குப் படித்துக் காட்டியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மஞ்சளுக்கு அடியில் எழுத்து இருப்பதே தெரியாது என்கிறாள் அத்தை.

இப்போது அமாவாசைக்குப் புளி கரைப்பது தம்பிதான். மெடல் போகவில்லை என்பதில் எனக்கு அப்படியொரு நிம்மதி. ஆனால் போன வாரம், நான் வேலை பார்க்கும் விழுப்புரம் லேபுக்கு அவன் ரத்தம் கொடுக்க வந்தான். கவுன்ட்டரில் இருந்த பெண் அந்தப் பெயரைக் கூப்பிட்டாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி எழுந்திருக்கவில்லை. பேய் ஒரு தரம்தான் கூப்பிடும், அதற்கு ஏன் என்று கேட்டுவிடக் கூடாது என்பார்களே.

"இன்னொரு தரம் கூப்புடட்டும்க்கா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

வேறு நாளாயிருந்தால் அவன் தலையில் குட்டியிருப்பேன். அவள் மறுபடி கூப்பிடும் வரைக்கும் நானும் அவன் கையை விடவில்லை.