ஒன்பது தொட்டிகளும் ஒரே துணியும்

டிரை கிளீனிங் கடையின் பின்னறையில் இருபத்தாறு வருஷமாக நின்று வேலை பார்ப்பவரை எல்லோரும் கறைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோட்டில் மை, பட்டில் எண்ணெய், வெள்ளைச் சட்டையில் துரு என்று எது வந்தாலும் கடைசியில் அவர் மேசைக்குத்தான் வரும். அவர் சட்டென்று கை வைக்க மாட்டார். துணியை விளக்கடியில் பிடித்து, புரட்டி, முகர்ந்து பார்த்து, கொண்டு வந்தவரிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் பாட்டிலைத் திறப்பார்.

"என்ன கறைன்னு தெரியாம மருந்து போட்டா கறை போகாது, துணிதான் போகும்" என்று அலுக்காமல் சொல்லுவார்.

இவ்வளவு நிதானமான மனுஷர் அக்காவின் செடிகளிடம் மட்டும் ஏன் அப்படி அவசரப்பட்டார் என்று பின்னால் அவரே பலமுறை யோசித்துப் பார்த்தார்.

அக்கா அவரைவிட ஏழு வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியும் தம்பி மனைவியும் முதல் மாடியில் இருந்தார்கள். அவள் அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில், ஒன்பது ஆர்க்கிட் செடிகளோடு. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, மறுபடி நடக்கப் பழக்கும் ஒரு இல்லத்தில் அவளைச் சேர்த்தார்கள். நகரத்தின் மறுகோடியில் இருந்தது அது. ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே அவள் தம்பிக்குச் சொன்ன கட்டளை ஒன்றே ஒன்றுதான்.

"வாரத்துக்கு ஒரு தடவை, காலையில, வேருக்கு மட்டும் தண்ணி. வேற எதுவும் செய்யாதே. புரியுதா? எதுவும்!"

புரிந்தது. ஆனால் வெறும் கையோடு நிற்க அவருக்கு மனசு வரவில்லை. அக்கா அங்கே வலியோடு கிடக்கிறாள், இங்கே அவள் செடிகளுக்கு வாரம் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றுவது ஒரு உதவியா? வேலை முடிந்து வந்ததும் சாயங்காலம் தவறாமல் மேலே போய், தெளிப்பானால் இலைகளையெல்லாம் நனைத்தார். குளிர்காற்று படக் கூடாதென்று ஜன்னலை இறுகச் சாத்தினார். மூலையில் இருந்த ஒரு செடி வாடியதுபோல் தோன்றவே, அதை மட்டும் வெயில் விழும் பக்கம் தூக்கி வைத்தார்.

மூன்றாவது வாரம் இலைகளில் புள்ளிகள் தெரிந்தன. தூசி படிந்த கறை என்று நினைத்தார். ஒரு துணியை ஈரமாக்கி முதல் தொட்டியின் இலைகளைத் துடைத்தார். அதே துணியால் இரண்டாவது. அதே துணியால் ஒன்பது வரை. கடையில் யாராவது ஒரு துணியில் பட்ட பஞ்சை இன்னொன்றில் வைத்தால் ரெண்டு நாளைக்குத் திட்டுகிறவர், அன்றைக்குத் துடைத்து முடித்துவிட்டு, வேலை சுத்தமாயிற்று என்று துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு இறங்கினார்.

ஐந்தே நாளில் புள்ளிகள் பெருகிவிட்டன.

அன்று அக்கா போனில் கேட்டாள். "செடியெல்லாம் எப்படிடா இருக்கு?"

"ஜம்முனு இருக்கு. நீ எப்படி இருக்கே?"

"நானும் ஜம்முனுதான் இருக்கேன். நடக்கிறேன்."

"அப்போ நல்லது."

"ஒரு போட்டோ அனுப்பு. பார்த்து நாளாச்சு."

அவர் போனில் துழாவி, போன வருஷம் எடுத்த படம் ஒன்றைத் தேடி அனுப்பிவிட்டார்.

மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "ஏங்க, இந்த வயசுல அக்காவுக்குப் பயந்து பொய் சொல்றீங்களே, சொல்லித் தொலைச்சா என்ன?"

"சரி பண்ணிட்டு சொல்லிக்கலாம்" என்றார்.

மறுநாள் கடைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுச் செடிக்கடைக்குப் போனார். கடைக்கார அம்மாள் மருந்து எதையும் எடுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "புள்ளி ஈரமா இருக்கா, காஞ்சிருக்கா?"

"அது... பார்க்கலையே."

"அமுக்கினா குழையுதா? சுத்தி மஞ்சள் வளையம் இருக்கா? நேத்திக்கும் இன்னிக்கும் பெரிசாச்சா? ஜன்னல் பக்கத்து இலையில மட்டும் இருக்கா, எல்லாத்துலயும் இருக்கா?"

ஒவ்வொன்றுக்கும் பார்க்கலை, பார்க்கலை என்றே சொன்னார்.

"இதெல்லாம் தெரியாம நான் என்னத்தைன்னு குடுக்கிறது சார்?"

அவர் முகம் சிவந்துவிட்டது. திட்டு வாங்கியதால் அல்ல. இதே கேள்விகளை இதே தொனியில் தினமும் கேட்கிற மனுஷர் அவர். சொந்த அக்காவின் வீட்டில் மட்டும் ஒன்றைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லையே என்ற வெட்கம் அது.

தன் கடையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனார். தொட்டிகளை ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி வைத்தார். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு தாள் வைத்துக் குறிப்பு எழுதினார். வெயிலில் தூக்கி வைத்த செடியில் இருந்தது நோயே இல்லை; ஜன்னலைப் பார்த்த இலை மட்டும் வெளிறிக் காகிதம்போல் காய்ந்திருந்தது. வெயில் சுட்டது, அவ்வளவுதான். இரண்டு செடிகளில் சின்னச் சின்னதாக, கருப்பாக, உலர்ந்து உள்ளே குழிந்த புள்ளிகள். நான்கில் வேறு மாதிரி: வெந்த கீரைபோல் ஈரமாக, பழுப்பாக, மஞ்சள் ஓரத்தோடு. விரலால் தொட்டால் குழைந்தது. மற்ற இரண்டும் எப்படியோ தப்பியிருந்தன. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் பேனாவால் கோடு போட்டுவிட்டு வந்தார். காலையில் போய்ப் பார்த்தபோது, உலர்ந்த புள்ளிகள் கோட்டுக்குள்ளேயே இருந்தன. ஈரப் புள்ளிகள் கோட்டைத் தாண்டி ஒரு விரலகலம் போயிருந்தன.

குறிப்புகளைப் படித்த கடைக்கார அம்மாள், "இப்போ பேசலாம்" என்றாள். உலர்ந்த புள்ளி பூஞ்சை, அதற்கு ஒரு மருந்து. ஈரமானது பாக்டீரியா, அதை வெட்டத்தான் வேண்டும், அதுவும் நல்ல பச்சை தெரிகிற வரைக்கும். "இலை மேல ஈரம் நிக்கவே கூடாது சார். ராத்திரி முழுக்க ஈரமா இருந்தா அதுக்குக் கொண்டாட்டம். காத்து வேணும். முக்கியமா, ஒரு செடியத் தொட்ட கையால இன்னொண்ணைத் தொடாதீங்க."

வெட்டும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்தார். வெட்டிய இடம் அழுகாமலிருக்க லவங்கப்பட்டைத் தூளைத் தொட்டு வைத்தார். ஜன்னலைத் திறந்துவிட்டார். ஆனாலும் இரண்டு செடிகளில் அழுகல் நடுக்குருத்துக்கு இறங்கிவிட்டிருந்தது. குருத்து போனால் பிறகு செடி இல்லை. அதில் ஒன்று வெள்ளைப்பூச் செடி. அக்கா ஓய்வு பெற்ற அன்று வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து கொடுத்தது. அதையும் பையில் போட்டுக் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை, போன் செய்யாமல் நேரில் போனார். வராந்தாவிலேயே பயிற்சி கொடுக்கும் பெண் எதிர்ப்பட்டாள்.

"தம்பியா? நல்லவேளை வந்தீங்க. ரெண்டு வாரமா அம்மா கட்டிலை விட்டு இறங்கவே மாட்டேங்கிறாங்க. ஒரு தடவை கால் தடுமாறிச்சு, அதுலேர்ந்து பயம்."

அறைக்குள் அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திடுக்கிட்டுத் திரும்பினாள். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தெளிப்பானிலிருந்து வெள்ளைப்பூச் செடி வரை ஒன்றுவிடாமல் சொன்னார்.  அவள் கண் கலங்கியது.

"நடுக்குருத்தா?" என்றாள் கடைசியில்.

"ஆமாக்கா."

"அப்போ ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது." போர்வை ஓரத்தை நீவிவிட்டாள். "செடி போனா போகட்டும். பழைய போட்டோவை அனுப்பினியே, அதுதான்டா பொறுக்கல. அதுல தெரியற ஜன்னல் திரைச்சீலை கிழிஞ்சு, தூக்கிப் போட்டு ஆறு மாசமாச்சு, எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் கேட்கல?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேட்க? நடக்கிறேன்னு நானும்தானே புளுகிட்டிருந்தேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் அவள் முகம் மாறியது. "பயமா இருக்குடா" என்றாள். சின்ன வயதிலிருந்து அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை. ஆறுதலாக எதையாவது சொல்லிவைக்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு, "எதுல பயம்? எழும்பும்போதா, காலை ஊணும்போதா?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். "திரும்பும்போது" என்றாள்.

பயிற்சி கொடுக்கும் பெண்ணைக் கூப்பிட்டு அதைச் சொன்னார்கள். அன்றே அவள் திரும்புவதை மட்டும் தனியாகப் பழக்க ஆரம்பித்தாள்.

அக்கா வீட்டுக்கு வர இன்னும் ஏழு வாரம் ஆயிற்று. வாக்கரைப் பிடித்தபடி நேரே ஜன்னலுக்குப் போனாள். ஏழு தொட்டிகளையும் பார்த்தாள். பாதி இலைகள் அரைகுறையாக நின்றன.

"என்னடா இது, எலி கடிச்ச மாதிரி?"

"வெட்டின இலை வளராதாமே?"

"வளராது. அப்படியேதான் இருக்கும். கீழே புதுசு வரும், பொறுக்கணும்."

வாக்கரோடு தண்ணீர்க் குவளையைத் தூக்க அவளால் முடியாததால், புதன்கிழமை காலைகளில் அவர்தான் ஊற்றுகிறார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, போதும் போதும் என்று அதட்டிக்கொண்டிருப்பாள்.