நீல எழுத்து வண்டி

என் மாமனாரைப் படுத்த வாக்கிலேயே பெகு பக்கத்து அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக என் வீட்டுக்காரி வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொள்வது அவள் வேலை. வண்டி பிடிப்பது என் வேலை. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஏற்பாடு அப்படித்தான்.

மாமா ரங்கூன் துறைமுகத்தில், போட்டாதாங் ஜெட்டியில் கிரேன் ஓட்டியவர். வருஷா வருஷம் அந்தக் கோயிலில் தீச்சட்டி எடுத்தவர். ரெண்டாயிரம் பிறந்து சில வருஷத்தில் பக்கவாதம் வந்து, இடது பக்கம் சொன்ன பேச்சுக் கேட்காமல் போய்விட்டது. உட்கார வைத்தால் சாக்குமூட்டை மாதிரி சரிந்துவிடுவார். பஸ்ஸில் ஏற்ற முடியாது. கோயிலில் மூன்று நாள் தங்க வேண்டும். விரதம் என்பதால் வழியில் ஙப்பி என்கிற மீன் விழுதின் வாசனை பட்ட எந்தச் சட்டிச் சோறும் வீட்டுக்காரிக்கு ஆகாது, அவளே சமைக்க வேண்டும். ஆகவே படுக்க, தூங்க, சமைக்க இடமுள்ள வண்டி வேண்டும். ஒரு வீட்டுக்கு நாலு சக்கரம் வைத்தது மாதிரி.

கப்பலில் வேலை செய்யும் மச்சான்தான் முதல் போட்டார். திருவிழா முடிந்ததும் வண்டியை வாடகைக்கு விடலாம் என்று கணக்கு. "கயிறு, தார்ப்பாய்க் கடையில வேலை பாக்கறீங்க. கயிறு பாத்து வாங்கத் தெரிஞ்சவருக்குக் கார் பாக்கத் தெரியாதா?" என்று டெலிபோனில் சொல்லிவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார்.

மாமாவிடம் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தபடி, "வண்டி சரி மாப்பிள்ளே. நான் வாசல் வரைக்கும்தான். உள்ளே வரமாட்டேன்" என்றார்.

"ஏன் மாமா?"

"ஈரத்துணியால தொடச்சு விட்ட உடம்போட ஆத்தா முன்னாடி போறதா? தலைக்குத் தண்ணி ஊத்தி எவ்வளவு காலமாச்சு?"

அது உண்மைதான். எங்கள் மாடியில் குளிக்கிற இடத்தில் ஒரு ஆள் நின்று திரும்பினால் முழங்கை இடிக்கும். ஒரு தடவை நாற்காலியில் வைத்துக் குளிப்பாட்டப் பார்த்து நாற்காலி, மாமா, நான் மூவரும் சேர்ந்து வழுக்கி விழுந்தோம். கோயிலில் பலகை போட்டுப் படுக்க வைத்து ஊற்றலாமே என்று கேட்டதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

"பலகையில கிடத்தித் தண்ணி ஊத்துறது பொணத்துக்கு. நான் இன்னும் ஆகலே."

வாசலிலிருந்தே கும்பிட்டுக்கொள்வாராம். வீட்டுக்காரி அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்தினாள். அப்பா உள்ளே வராவிட்டால் வேண்டுதல் எப்படி நிறைவேறும்? எனக்கும் அதற்கு வழி தெரியவில்லை. ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்று வண்டி தேடக் கிளம்பினேன்.

அந்தக் காலத்தில் ரங்கூனில் கார் இல்லாதவன்தான் கார் கம்பெனிகளைப் பற்றி அதிகம் பேசுவான். டீக்கடை முக்காலியில் உட்கார்ந்தால் போதும். இந்தக் கம்பெனி இஞ்சின் சாகாது, அந்தக் கம்பெனி தகரம் துரு ஏறாது என்று ஆளுக்கு ஒரு கம்பெனிக்குக் கட்சி கட்டுவார்கள். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு, கார் வாங்கி விற்கிற மைதானத்துக்குப் போனேன். அவள் கையில் ஒரு தூக்குவாளி. உள்ளே வழிய வழிய ரசம்.

"இது எதுக்கு?"

"பேரு, கம்பெனியெல்லாம் நீங்க பாருங்க. எனக்கு வண்டியில ரசம் சிந்தக்கூடாது."

புரோக்கர் ஒரு பர்மாக்காரர். வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, "வாங்க அகோ" என்று என்னை அண்ணனாக்கிக்கொண்டு முதல் வேனைக் காட்டினார். முகப்பில் டீக்கடையே எழுந்து நின்று கும்பிடுகிற கம்பெனியின் சின்னம் பளபளவென்று இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. உள்ளே ஏறினேன். ஸ்டீயரிங் நடுவில் வேறு கம்பெனிச் சின்னம். இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தேன். அங்கே மூன்றாவது கம்பெனி.

"என்ன இது, மூணு பேரு இருக்கு?"

"ஒரு கம்பெனி செஞ்ச வண்டியை விட மூணு கம்பெனி சேர்ந்து செஞ்சது பலம்தானே அகோ?" என்றார் கொஞ்சமும் கூசாமல்.

வீட்டுக்காரி பின்னால் ஏறித் தூக்குவாளியைத் திறந்து கீழே வைத்தாள். ரயில் கேட்டைத் தாண்டிப் போய் வந்தோம். பாதி ரசம் புரோக்கர் கைலியில் இருந்தது. "மிளகு ஜாஸ்தியா?" என்று மட்டும் கேட்டார், பாவம்.

எனக்கென்று ஒரு சோதனை இருந்தது. எங்கள் ஊர் பஸ், வேன் எல்லாம் ஜப்பானில் ஓடிக் களைத்து வந்தவை. அங்கே எழுதின ஜப்பான் எழுத்தை யாரும் அழிக்க மாட்டார்கள். அழித்துப் புதுப் பெயின்ட் அடித்தால் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். எழுத்து அப்படியே இருந்தால் கப்பலிலிருந்து இறங்கினபடி அசல். எழுத்து எவ்வளவு அதிகமோ அவ்வளவு நம்பிக்கை.

அப்போதுதான் மூலையில் அந்த வெள்ளை வேனைப் பார்த்தேன். ரெண்டு பக்கமும், முழ உயரத்துக்கு, நீல நிறத்தில் ஜப்பான் எழுத்து. பக்கத்தில் ஒரு வாத்துப் படம். முகப்பில் சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ரெண்டு ஓட்டை.

"சின்னம் எங்கே?"

"எந்தக் கம்பெனி வேணும் அகோ? கடையில இருக்கு, மாட்டித் தர்றேன்."

"வேண்டாம்" என்றேன். பக்கம் முழுக்கப் பேரை எழுதி வைத்த கம்பெனிக்கு முன்னால் தனியாகச் சின்னம் எதற்கு? தன் சரக்கின் மேல் நம்பிக்கை இல்லாதவன் இவ்வளவு பெரிதாகவா பேர் போடுவான்?

உள்ளே பார்த்தால் என் கண்ணையே நம்ப முடியவில்லை. ஆள் படுக்கிற நீளத்துக்குத் தட்டு. தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் சூடாக்குகிற பெட்டி. சுருட்டி வைத்த குழாய். மடித்து வைத்த வலைத்துணி. ரெண்டு பாதியாகப் பிரித்து ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்திய நீளமான பிளாஸ்டிக் தொட்டி.

"மீன் பிடிக்கப் போற பணக்காரன் வண்டி. இங்கே படுப்பான், இதுல டீக்குத் தண்ணி போடுவான், இந்தத் தொட்டியில மீனைப் போடுவான்" என்றார் புரோக்கர்.

"மீனா?" என்று வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"அவன் ஒரு மீன்கூடப் பிடிக்கலே அக்கா! மோந்து பாருங்க."

அவள் உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. "சோப்பு வாசனைங்க. நல்லா சுத்தமா வச்சிருந்திருக்கான்."

மீதி ரசத்தோடு ரயில் கேட்டைத் தாண்டினோம். ஒரு சொட்டு சிந்தவில்லை.

வாங்கியாயிற்று. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கற்பூரம் காட்டி, அந்த நீல எழுத்து ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம், "ஜப்பானிலேயே பெரிய கம்பெனி. அங்கே பணக்காரங்களுக்கு மட்டும்தான் செய்யுமாம்" என்றேன். யார் அப்படிச் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள் விடிந்ததும் நாலு பேர் சேர்ந்து மாமாவைப் போர்வையில் தூக்கி இறக்கினோம். வண்டிக்குள் படுத்துச் சுற்றிலும் பார்த்தார். "கிரேன் ரூமை விட இது பெருசு மாப்பிள்ளே" என்றார். பொங்கல் அரிசி, வெல்லம், தேங்காய், மஞ்சள் கொத்து, பூசணிக்காய் எல்லாவற்றையும் வீட்டுக்காரி அந்தப் பிளாஸ்டிக் தொட்டியில் அடுக்கினாள். அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது.

பெகுவுக்குள் நுழைந்ததும் பெட்ரோல் போத்தல் விற்கிற ஒரு டீக்கடையோரம் நிறுத்தினோம். பக்கத்தில் சுற்றுலா பஸ் ஒன்று. அதிலிருந்து இறங்கிய ஜப்பான்காரர்களில் வயதான அம்மா ஒருத்தி எங்கள் வண்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். நீல எழுத்தை விரலால் தடவி வாய்விட்டுப் படித்தாள். நான் வீட்டுக்காரியைப் பெருமையாகப் பார்த்தேன். அந்த அம்மா பின்கதவு வழியாக எட்டிப் பார்த்து, படுத்திருந்த மாமாவுக்கு இடுப்பு வளைய வணக்கம் சொல்லிவிட்டு, தன்னோடு வந்த பர்மாக்கார வழிகாட்டியிடம் ஏதோ கேட்டாள். அவன் என்னிடம் திரும்பினான்.

"பெரியவர் குளிச்சாச்சா, இனிமேதானான்னு கேக்கறாங்க."

"இவங்களுக்கு எதுக்கு அது?"

அவன் கேட்டுச் சொன்னான். சொல்வதற்குள் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் ஊரில், எழுந்திருக்க முடியாதவர்களை வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டுகிற வண்டியாம் இது. அந்தப் பெட்டி குளிக்க வெந்நீர் போட. அந்தத் தொட்டியின் ரெண்டு பாதியையும் சேர்த்தால் சாய்ந்து உட்கார்ந்து குளிக்கிற தொட்டி. நான் குங்குமம் வைத்த எழுத்து கம்பெனிப் பேரே இல்லை. 'உங்கள் வீடு தேடி வரும் வெந்நீர்க் குளியல்' என்று எழுதியிருக்கிறதாம்.

"வாத்து?" என்றேன்.

"அது குளிக்குது" என்றான்.

வீட்டுக்காரி தலையில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ, யார் யாரோ குளிச்ச தொட்டியிலயா ஆத்தா பொங்கலரிசி! ஏங்க, பெரிய கம்பெனின்னீங்களே! பணக்காரன் வண்டின்னீங்களே!"

"நீதானே சோப்பு வாசனைன்னு சந்தோஷப்பட்டே?"

"சோப்பு வாசனைன்னா குளிக்கறதுன்னு ஆம்பிளைக்குத் தெரிய வேணாமா?"

அரிசி, தேங்காய், பூசணிக்காய் எல்லாவற்றையும் டீக்கடைக்காரம்மாவுக்குத் தூக்கிக் கொடுத்தாள். அந்த அம்மா அன்றைக்கு யார் முகத்தில் முழித்தாளோ. மச்சானுக்கு நான் என்ன கணக்குச் சொல்வேன்? குளிப்பாட்டுகிற வண்டியை ரங்கூனில் யார் வாடகைக்கு எடுப்பார்கள்?

அப்போது வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. "மாப்பிள்ளே."

"என்ன மாமா?"

"சாஞ்சு உக்காந்துக்கிட்டுன்னா சொன்னான்?"

நானும் வீட்டுக்காரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் சண்டையை அந்த இடத்திலேயே விட்டுவிட்டாள்.

"பலகை இல்லையே?" என்று மறுபடி கேட்டார் மாமா.

"இல்லேப்பா. தொட்டி. ராஜா மாதிரி உக்காரலாம்" என்றாள் அவள். முந்தானையால் தொட்டியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஜப்பான் அம்மாவுக்கு எங்கள் பேச்சு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் கைச்சட்டையை மடித்துக்கொண்டு வண்டியில் ஏறி, ரெண்டு பாதியையும் எப்படிப் பூட்டுவது, வலைத்துணியில் ஆளை எப்படி இறக்குவது என்று செய்து காட்டினாள். அவள் அம்மாவை இப்படித்தான் குளிப்பாட்டினார்களாம். போகும்போது மாமாவின் விளங்காத கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் என் கடைத் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டினேன். சூடாக்குகிற பெட்டியை முடுக்கினேன். ஒரு தடவை கனைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது. அது எந்தக் கம்பெனியோ, நான் பேர் பார்க்கவில்லை. அன்னதானக்காரர்களிடம் அண்டா கேட்டு விறகில் வெந்நீர் போட்டோம். நாலு பேர் வலைத்துணியைப் பிடித்தோம். மாமாவுக்கு ஜெட்டி ஞாபகம் வந்துவிட்டது.

"தூக்கு! நிறுத்து! எவன்டா அது இடது பக்கம், சரக்கு சாயுது! இப்ப இறக்கு... மெதுவா... மெதுவா..."

வெந்நீர் மார்பு வரை ஏறியதும் அதட்டல் நின்றுபோனது. கண்ணை மூடிக்கொண்டார். வீட்டுக்காரி சீயக்காய் தேய்த்துத் தலையில் மொண்டு மொண்டு ஊற்றினாள்.

"சூடு போதுமா மாமா?"

"பேசாதே."

கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு அண்டா போடு" என்றார்.

புது வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, நாற்காலியில் துண்டால் கட்டி, வாசலைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போனோம். வாசலில் நிறுத்தச் சொல்வாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மன் முன்னால் இறக்கியதும் நல்ல கையை நெஞ்சில் வைத்து, கிரேன் மேலிருந்து கீழே இருக்கிறவனைக் கூப்பிடுகிற அதே குரலில் பேசினார்.

"ஆத்தா! என் மருமகன் எழுத்தைப் படிக்காம வண்டி வாங்கிட்டான். நீ படிச்சுப் பாத்துத்தான் வாங்க வச்சிருக்கே!"

மேளக்காரன்கூட நிறுத்திவிட்டான். வீட்டுக்காரி அவர் காதோரம் குனிந்து, "மெதுவாப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள்.

"பாக்கட்டுமே. குளிச்சிட்டுத்தானே வந்திருக்கேன்" என்றார் மாமா.