பஸ் வராத கரை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை முழுவதும் நான் பாளையங்கால்வாய்க் கரையில் சைக்கிளோடு அலைந்தேன். ஏன் அலைகிறாய் என்று கேட்டவர்களிடம் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். கோபாலசமுத்திரத்தை அடுத்த எங்கள் ஊரிலிருந்து பாளையங்கோட்டை வரை, ஒரு பஸ்ஸோ லாரியோ பக்கத்தில் வராமல் ஒரு ஆள் சைக்கிளில் போய்ச் சேர வழி உண்டா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆள் என் அண்ணன்.

அண்ணன் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளன். தினமும் சைக்கிளில்தான் போவான். கூட வேலை பார்த்தவர் ஒருவர் பக்கத்து ஊரில் காத்திருந்து கேரியரில் ஏறிக்கொள்வார். இருவரும் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டே போய்ச் சேருவார்கள். தை மாதத்தில் ஒரு காலை, பின்னால் வந்த பஸ் உரசிவிட்டது. கேரியரில் இருந்தவர் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டார். அண்ணன் மேல் ஒரு கீறல்கூட இல்லை. உடம்பில் காயம் ஏதாவது பட்டிருந்தால் ஊர் அவனைக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டிருக்கும். காயமில்லாத ஆள் வீட்டில் உட்கார்ந்திருந்தால் யாருக்குப் பொறுக்கும்?

அதற்குப் பிறகு அவனால் தார்ரோட்டில் கால் வைக்க முடியவில்லை. அம்மா ஒருமுறை பஸ் ஸ்டாப் வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். பஸ் வரும் சத்தம் கேட்டதுமே திரும்பி, வேட்டி தடுக்கத் தடுக்க வயலுக்குள் இறங்கி ஓடிவந்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் நல்ல மனிதர்கள்தான். ஜூனில் பள்ளி திறக்கும் அன்று வந்து கையெழுத்துப் போட்டால் சரி, இல்லையென்றால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா, அண்ணன் பெண்டாட்டியான மதினி, அவள் இடுப்பில் ஒரு பிள்ளை, பட்டம் வாங்கி மூன்று வருஷமாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்த நான் என்று எல்லோரும் அந்த வேலையைத்தான் நம்பியிருந்தோம்.

மாசி, பங்குனியில் பிசான நெல் அறுப்பு முடிந்து கால்வாயை அடைத்துவிட்டால் கரையில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். சரள் மண் கெட்டித்துப்போய்ச் சைக்கிள் ஓட்டத் தோதாக இருக்கும். நான் அந்தக் கரையைப் பிடித்தேன். முதல் இரண்டு வாரமும் பஞ்சர்தான். உடை மரத்து முள் டயருக்குள் ஏறினால் ஊசியால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். பிறகு அரிவாளும் கையுமாகப் போய் முள்ளை வெட்டி ஒதுக்கினேன். இடிந்து கிடந்த ஒரு மடையின் மேல் பலகை போட்டேன். வழியில் இடிந்த கல் மண்டபம் ஒன்று இருந்தது. தூணிலெல்லாம் பழைய எழுத்து. எந்த ராஜா கட்டினான், எந்தக் காலம் என்று கேட்டுக்கொண்டு ஒருமுறை வெளியூர் ஆட்கள் வந்ததாகச் சொல்வார்கள். எனக்கு ராஜாவும் வேண்டாம், காலமும் வேண்டாம். அண்ணன் வெயிலுக்கு ஒதுங்க நிழல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இருந்தது. வௌவால் நாற்றமும் இருந்தது.

மேலப்பாளையத்துக்கு முன்னால் பெரிய ரோடு கால்வாயைக் குறுக்கே தாண்டும் இடம்தான் தலைவலியாக இருந்தது. அந்த ரோட்டைத் தாண்டினால் மறுபடியும் கரை, அப்புறம் தெருக்கள், பள்ளிக்கூடத்தின் பின்வாசல். பாலத்தின் மேலே ஓயாமல் பஸ். நான் கீழே இறங்கிப் பார்த்தேன். வறண்ட கால்வாய், குனிந்து போகும் அளவுக்கு உயரம், தரையெல்லாம் மணல். சைக்கிளை உருட்டிக்கொண்டு பாலத்துக்கு அடியில் புகுந்து மறுபக்கம் ஏறிவிடலாம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே மண்வெட்டி கொண்டுபோய் இரண்டு பக்கமும் சரிவு வெட்டினேன்.

அண்ணனை அழைத்துப்போவது அதைவிடப் பெரிய பாடு. முதல் நாள் எங்கள் ஊர் மடை வரை வந்தான். அடுத்த வாரம் மண்டபம் வரை. தூரத்தில் ஹாரன் கேட்டால் இறங்கி நின்றுவிடுவான். நானும் இறங்கி நிற்பேன். மே மாதக் கடைசியில் ஒரு நாள் பாலம் வரை வந்துவிட்டோம். மேலே ஒரு லாரி தடதடவென்று போனது. அவன் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, நான் முன்னால் போக, அடியில் நடந்து வந்தான். மறுபக்கம் ஏறியதும் சட்டையை உதறிவிட்டு, "பரவால்லலே" என்றான். நான்கு மாதத்தில் அவன் வாயில் இருந்து வந்த முதல் நல்ல சொல் அது. வீட்டுக்கு வந்து மதினியிடம் சொன்னேன். அவள் அடுப்படிக்குள் போய் அழுதாள்.

இனி நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும்.

ஜூன் பிறந்தால் கார் பருவ நெல் சாகுபடிக்குக் கால்வாயில் தண்ணீர் விடுவார்கள் என்பது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இரண்டு வருஷமாக அணையில் தண்ணீர் பற்றாமல் கார் சாகுபடியே இல்லாமல் போயிருந்தது. அந்த வருஷம் மலையில் கோடை மழை நன்றாகப் பிடித்தது. தண்ணீர் திறக்க வேண்டும் என்று ஊர் விவசாயிகள் கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுத்தார்கள். அந்த மனுவை எழுதியதே நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தார்கள். காலையில் கரையில் சைக்கிள் விட்டுவிட்டு வந்து, மத்தியானம் உட்கார்ந்து அதே கால்வாயில் தண்ணீர் விடச் சொல்லி எழுதியிருக்கிறேன். தண்ணீர் ஓடும் கால்வாய் என் வயலுக்கு. வறண்ட கால்வாய் அண்ணனுக்கு. இரண்டும் ஒரே கால்வாய் என்று என் மண்டையில் ஏறவே இல்லை.

பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை எங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்தது. நான் மண்வெட்டியோடு போய் நாற்றங்காலுக்குத் திருப்பிவிட்டேன். மனசு நிறைந்து பாட்டுக்கூடப் பாடினேன் என்று நினைவு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அண்ணன் மறுநாளைக்குப் போட்டுப்போகும் சட்டையை மதினி தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். பாலத்துக்கு அடியில் செங்காவி நிறத்தில் புதுத் தண்ணீர் நெஞ்சளவு ஓடியது. நான் வெட்டிய சரிவுகள் இருந்த இடமே தெரியவில்லை.

நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அவன் கிளம்பவே மாட்டான் என்று பயந்தேன். பாலத்தருகே ரோட்டைத் தாண்டினால் போதும், இருபது எட்டு எடுத்து வைக்கிற தூரம்தான். எப்படியாவது தாண்ட வைத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அம்மா அவனுக்குத் திருநீறு பூசி அனுப்பினாள். கரையோரம் தண்ணீர் சலசலவென்று கூடவே வந்தது. அவன் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. பாலத்தை அடைந்ததும் இறங்கினோம்.

"அண்ணே, இருவது எட்டுதான். நான் ரெண்டு பக்கமும் பாத்துச் சொல்லுதேன். பைய வா."

அவன் சைக்கிளை மேலே ஏற்றினான். முன்சக்கரம் தாரில் பட்டது. டவுன் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. அவன் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தான். பஸ் போய்விட்டது. ரோடு காலியாகத்தான் கிடந்தது. அவன் அசையவில்லை.

"கண்ண மூடிக்கோ. என் கேரியர்ல உக்காரு, நான் தள்ளிட்டே போயிருதேன்" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவன் பின்னால் நகர்ந்து கரையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். அரை மணி நேரம் அப்படியே போயிற்று. பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை முடிந்திருக்கும். நான் பொறுமை இழந்து கத்தினேன்.

"எத்தன நாளு முள்ளுக்குள்ள கெடந்தேன் தெரியுமா? இருவது எட்டு அண்ணே! பொடிப் பிள்ளையெல்லாம் தாண்டுது!"

அவன் கோபப்படவில்லை. "தண்ணி கெடக்கும்னு எனக்குத் தெரியும்லே" என்றான். "சனிக்கிழம நீ மம்பட்டியோட வயலுக்குப் போனேல்லா, அப்பமே தெரியும்."

"தெரிஞ்சுமா வந்த?"

"இவ்வளவு பாடுபட்டுருக்கியே. இங்கன வரைக்காவது வரணும்லா."

திரும்பி வரும்போது அவன்தான் முன்னால் ஓட்டினான். நான் பின்னால் அழுதுகொண்டே வந்தேன். அழுவது அவனுக்குக் கேட்டிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் இரண்டு வாரம் பொறுத்தார்கள். பிறகு அம்மா போய் நின்றாள். அவளுக்கு என்ன பேசத் தெரிந்ததோ, அந்த வேலையைத் தம்பிக்குப் போட்டுத் தருகிறோம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். இரண்டு நாள்தான் என்னால் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. வீட்டில் பிள்ளை இருந்தது. வேட்டி சட்டையோடு நான் கிளம்பியபோது அண்ணன் வாசலில் நின்று, "எப்படிப் போறே?" என்று கேட்டான். கால்வாய் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது.

"பஸ்லதான்" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு வயலுக்குப் போனான். அன்று அவன் மத்தியானம் சாப்பிடவில்லை என்று மதினி சொன்னாள். மறுநாளும் அப்படித்தான். சாயங்காலம் நான் பஸ்ஸில் இருந்து இறங்கித் தெருவுக்குள் நுழைவதைப் பார்த்த பிறகுதான் தட்டை எடுத்து வைக்கச் சொல்வான். "வந்துட்டியா" என்பான். அவ்வளவுதான். ரோட்டிலிருந்து அவனைக் காப்பாற்றப் புறப்பட்ட நான்தான், அந்த ரோட்டைத் தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவன் வயிற்றில் கட்டிவிட்டேன்.

வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை. நான் வேலை பார்த்த அத்தனை வருஷமும் அவன் அப்படியே பகலெல்லாம் பட்டினி கிடந்தான். "நீ சாப்பிடு, நான் வந்துருவேன்" என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம் என்று மதினி இப்போதும் குறைப்பட்டுக்கொள்வாள். எத்தனையோ காலையில் வாய்வரை வந்ததுதான். அந்த ரோட்டில் போகிற எவனால் அதைச் சொல்ல முடியும்?